டிராகன் பிடித்தவர்

அவர் வருவதை முதலில் காதுதான் சொல்லும். பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கதவு படாரென்று சாத்தப்படும். அடுத்து, புல்தரை மேல் 'கிணிங், கிணிங்' என்று ஒரு சத்தம் நடந்து வரும். முதுகுப்பையில் தொங்கும் உலோக வில்லை, பக்கத்தில் செருகியிருக்கும் தண்ணீர் பாட்டிலில் இடிக்கிற சத்தம். பாட்டிலை மறுபக்கம் மாற்றினால் சத்தம் நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் இந்தப் பக்கம் வைத்திருக்கிறார்.

இவர்தான் டிராகன்காரர். அமெரிக்காவில் டிஸ்க் கால்ஃப் லீக் நடக்கிற பூங்கா ஒன்றுக்கு வார நாள் மாலையில் போனால் இவரையோ, இவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவரையோ பார்த்துவிடலாம். சில ஊர்களில் வில்லையில் டிராகனுக்குப் பதில் மண்டையோடோ கழுகோ இருக்கும். உருவம் மாறும், ஆசாமி மாறமாட்டார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. கால்ஃபேதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக, 21 சென்டிமீட்டர் அகலமும் 180 கிராமுக்குள் எடையும் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதிலாக, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிதலில் கூடையில் போட்டவர் வென்றவர். பெரும்பாலான மைதானங்கள் பொதுப் பூங்காக்களில் இருப்பதால் காசு கேட்க ஆள் கிடையாது. அதனால் குழாய் ரிப்பேர் செய்பவரும் பல் டாக்டரும் கல்லூரிப் பையனும் ஒரே குழுவாகச் சேர்ந்து, ஒரே ஓக் மரத்தில் வரிசையாகத் தட்டை மோதிவிட்டு, ஒரே புதரில் தேடிக்கொண்டிருப்பார்கள். தட்டு மரத்தில் மோதினாலும் "நல்ல எறி!" என்று பாராட்டுவது அங்கே மரியாதை. இவ்வளவு சாதுவான ஆட்டம்.

இந்த சாதுக்கள் நடுவில் டிராகன்காரர் எப்படி முளைத்தார் என்றால், வித்து அப்படி. இந்த ஆட்டத்தின் பிதாமகர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பி தட்டுகளைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையை உருவாக்கி 1977இல் காப்புரிமையும் வாங்கினார். நடுவில் 1976இல் தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தைத் தொடங்கி, உறுப்பினர் எண் ஒன்றைத் தம் பெயருக்கே எழுதிக்கொண்டார். சங்கம் அவருடையது, நோட்டு அவருடையது, யார் கேட்க முடியும்? 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய ஆசைப்படியே, அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். தம்மையே தட்டாக்கிக்கொண்ட மனிதர் ஆரம்பித்த ஆட்டத்தில், ஒரு வில்லைக்காக ஒருவர் தூக்கம் கெடுவது பெரிய சமாசாரமா என்ன?

உறுப்பினர் எண் இன்றைக்கு லட்சங்களைத் தாண்டிவிட்டது. ஆனால் நாலு இலக்க எண் வைத்திருக்கும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வானிலை பற்றிக் கேட்டால்கூட எப்படியாவது அந்த எண்ணைப் பேச்சில் நுழைத்துவிடுவார்கள். சின்ன எண் என்றால் பெரிய ஆள்.

உள்ளூர் லீக்குகள் அந்த மயக்கத்தைத்தான் எல்லோர் பையிலும் தொங்கவிட்டிருக்கின்றன. பேக் டேக் என்று பெயர். சீசன் தொடக்கத்தில் சில டாலர் கட்டினால் எண் போட்ட டேக் ஒன்று கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் டேக்கைக் கழற்றிப் பிக்னிக் மேஜையில் போட வேண்டும். குறைந்த ஸ்கோர் எடுத்தவர், குவியலில் இருப்பதிலேயே சின்ன எண்ணை எடுத்துக்கொள்வார். அடுத்தவருக்கு அடுத்தது. இருபத்தேழாம் எண்ணுடன் வந்தவர் நாலாம் எண்ணுடன் வீட்டுக்குப் போகலாம். நாலாம் எண்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகலாம். இதுவரைக்கும் குடும்பம் நடத்தக்கூடிய அளவு பைத்தியம்தான்.

எண்களுக்கெல்லாம் மேலே ஒன்றை வைத்தால்தான் லீக் களைகட்டும் என்று யாருக்காவது தோன்றும். அங்கே வருகிறது டிராகன். அதற்கு எண் கிடையாது. வைத்திருப்பவரை யார் வேண்டுமானாலும் சவாலுக்கு அழைக்கலாம். ஜெயித்தால் டிராகன் கைமாறும். சமமாக முடிந்தால் வைத்திருப்பவரிடமே தங்கும். ஊருக்கு ஊர் நுணுக்கங்கள் மாறும். குத்துச்சண்டை பெல்ட்டின் தத்துவம்தான், அடி மட்டும் விழாது.

நான் பார்த்த டிராகனைச் சொல்கிறேன். உள்ளங்கை அகல அலுமினியத் தகடு. முன்பக்கம் சிவப்புச் சாயம் பாதி போயிருக்கிறது. இடது சிறகின் நுனி எப்போதோ காரின் பின்கதவில் நசுங்கி மடங்கிவிட்டது. வாயிலிருந்து நெருப்பு வரவேண்டிய இடத்தில் வளையம் மாட்டும் ஓட்டை விழுந்திருப்பதால், டிராகன் கொட்டாவி விடுகிற தோற்றத்தில் இருக்கும். பின்பக்கம் ஆணியால் கீறிய முதலெழுத்துகள், வைத்திருந்தவர்களின் பட்டியல். ஒருவர் தம் எழுத்தை மட்டும் இரண்டு தடவை அழுத்திக் கீறியிருக்கிறார். பழைய இரும்புக் கடையில் போட்டால் ஒரு காப்பிகூடத் தேறாது.

இதை முதன்முதலாக வென்ற இரவு நம்மவர் வீட்டில் நடந்த உரையாடல் ஊர் அறிந்தது, அவரே சொன்னதுதான்.

"எவ்வளவு கொடுத்தார்கள்?" என்றார் மனைவி.

"பணம் கிடையாது. டிராகன்."

"சரி, இனிமேல் இது நமக்கா?"

"இல்லை. அடுத்த வாரம் யாராவது ஜெயித்தால் எடுத்துக்கொள்வார்கள்."

மனைவி கொஞ்ச நேரம் அந்தக் கொட்டாவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குப்பை லாரி நாளைக்குத்தான் வருகிறது, வாசலில் எடுத்து வை" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாராம். அவர் சொன்னது வீட்டுக் குப்பையை. இவருக்கு மட்டும் இன்றுவரை ஒரு சந்தேகம் இருக்கிறது.

டிராகன் வருவதற்கு முன் இவர் தங்கமான மனிதர். தாமதமாக வருவார், மரத்தில் மோதினால் முதலில் தானே சிரிப்பார், தண்ணீரில் விழுந்த பிறர் தட்டையும் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி எடுத்துக் கொடுப்பார். வந்த முதல் வாரம் மாற்றம் பைக்குத்தான். கார் டிக்கியில் ஈரச் செருப்புகளுடன் கிடந்த பை, வரவேற்பறை சோபாவுக்குக் குடியேறியது. வெளியே எடுத்துப் போகும்போது, கல்யாண வீட்டில் நகைப்பையைச் சுமக்கிற அத்தை மாதிரி, ஒரு கை அதன் மேலேயே இருக்கும். சாமான் வாங்கப் போகிற கடைக்கும் அதே பைதான். பால் பாக்கெட்டுக்கு நடுவில் டிராகன் தொங்குவதைப் பார்த்துக் கல்லாவில் இருக்கும் பெண் மரியாதைக்கு "இது என்ன?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. பின்னால் நிற்கும் வரிசை பதினெட்டு ஹோலையும் அவருடன் சேர்ந்து ஆடி முடித்த பிறகுதான் நகரும்.

இரண்டாவது வாரத்தில் நோய் உடம்புக்கு இறங்கியது. வென்றவன் வென்றுகொண்டே இருக்க முடியாது என்ற எளிய கணக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு உறைத்திருக்க வேண்டும். டிராகனைக் காப்பாற்ற ஒரே நிச்சயமான வழி, ஆடாமலிருப்பது. அன்றிலிருந்து தொடங்கின சால்ஜாப்புகள். தோள்பட்டையில் பிடிப்பு. வீட்டின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. காற்று அதிகம். காற்றே இல்லை, தட்டு மிதக்காது. மகளுடைய வயலின் கச்சேரி. போன வருஷம் இதே மகளின் கச்சேரியன்று இவர் லீக்கில் ஒன்பதாவது ஹோலில் இருந்தார். டிராகன் வந்த பிறகு எல்லாக் கச்சேரிக்கும் முதல் வரிசையில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வயலின் ஆசிரியை அந்தக் குடும்பத்தை மற்றப் பெற்றோருக்கு உதாரணம் காட்டினாராம். ஒரு தகடு குடும்ப ஒற்றுமைக்கு இவ்வளவு செய்யும் என்று யார் நினைத்தார்கள்?

அதிகாலை ஆறு மணிக்கு மட்டும் அதே தோள்பட்டை குணமாகியிருக்கும். நாய் நடத்த வரும் ஒரு பெரியவர்தான் சாட்சி. பனி காயாத புல்லில், ஆளில்லாத மைதானத்தில், நம்மவர் ஒரே கூடையைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் எறிந்துகொண்டிருப்பாராம். பெரியவரைக் கண்டதும் தோளைப் பிடித்துக்கொள்வாராம்.

மூன்றாவது கட்டம் சட்டம். விதிப்புத்தகத்தை அதுவரை கண்ணால் பார்த்திராதவர், இப்போது கைபேசியில் ஏற்றிவைத்திருக்கிறார். ஒரு எறிதலுக்கு 30 விநாடிதான் என்று எதிராளி காலை ஊன்றும்போதே எண்ணத் தொடங்குவார். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிந்தால், எறிந்தபின் நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னால் அடி வைக்க வேண்டும் என்பது விதி. எழுபது வயதுக்காரர் ஒருவர் கொஞ்சம் தள்ளாடியதை இவர் தப்பு என்று கூப்பிட, அவர் "தம்பி, நான் பத்து வருஷமாக இப்படித்தான் நிற்கிறேன்" என்றார். கூடையின் தலைமேல் போய் உட்கார்ந்த தட்டு கணக்கில்லை என்று ஒரு குழந்தையிடம் வாதாடிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். விதி என்னவோ அவர் சொன்னதுதான். ஆனால் அந்தக் குழந்தை லீக்கிலேயே இல்லை. அக்காவுடன் வேடிக்கை பார்க்க வந்தது.

பையைத் திறந்தால் உள்ளே இருபத்திரண்டு தட்டுகள். இந்தத் தட்டுகளின் பெயர்களைக் கேட்டால் போர்க்களம் என்று நினைப்பீர்கள்: டெஸ்ட்ராயர், வால்கிரி, ரேத், ஃபயர்பேர்ட். 1983இல் டேவ் டனிபேஸ் என்பவர் தட்டின் விளிம்பைச் சீவிக் கூர்மையாக்கி வடிவமைத்ததிலிருந்து தட்டுகள் வெகுதூரம் பறக்கின்றன. நம்மவர் கையிலிருந்து டெஸ்ட்ராயர் புறப்பட்டு, நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும் வால்நட் மரத்தை மட்டும் நிர்மூலமாக்க முயலும். இருபத்திரண்டில் அவர் உண்மையில் எறிவது மூன்று. மிச்சம் பத்தொன்பதும் காவல் படை. டிராகன் வந்த பிறகு ராசிக்காக ஒரு தட்டு கூடுதலாக வாங்கினார். இன்னோவா நிறுவனம் செய்கிற அந்தத் தட்டின் பெயரே டிராகன்தான். நெருப்பு கக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் மிதக்கும், அதுதான் அதன் சிறப்பு. ஏழாவது ஹோலில் குளம் இருப்பதால் அவருடைய பொருள்களில் உருப்படியானது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

தப்பி ஓடினாலும் வாயை மூடுகிறாரா? கிடையாது. ஆட்டம் முடிந்து எல்லோரும் மேஜையைச் சுற்றி நிற்கும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார், கிணிங் சத்தத்தோடு. 2021 உலகப் போட்டியைப் பற்றி ஆரம்பிப்பார். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் கடைசி ஹோலில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிந்த தட்டு நேரே கூடையில் விழுந்தது. சமன்முறிப்பு ஆட்டத்தில் பால் மெக்பெத்தையே தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். இந்த ஆட்டத்தைப் பின்தொடரும் எவரும் மறக்காத எறி அது. நம்மவர் சொல்லும் பாணியில், கான்ராட் எறியும்போது இவர்தான் பக்கத்தில் நின்று காற்றின் போக்கைச் சொன்னார் என்று தோன்றும். கான்சஸின் எம்போரியா என்ற சின்ன ஊரில் 2016இலும் 2022இலும் உலகப் போட்டி நடந்தது. அங்கே ஒரு தடவை போய்வந்ததைத் தீர்த்த யாத்திரைக் கணக்கில்தான் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் மட்டும் கதையைக் கேட்கமாட்டார். அவர் முதலாம் எண் டேக்காரர். டிராகனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு, "புதன்கிழமை வசதிப்படுமா?" என்பார். "தோள்" என்பார் நம்மவர். அவர்கள் இருவருக்கும் நட்பு அவ்வளவுதான்.

பதினாலு வயதுப் பையன்களைக் கண்டால் இவருக்கு இன்னும் பயம். மெலிந்த கையால் நூறு மீட்டர் எறிந்துவிட்டு, "நீங்களும் நன்றாக எறிந்தீர்கள், சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த 'சார்' குத்துகிற அளவு தோல்வி குத்தாது.

கடைசியில் அவரைச் சாய்த்தது பையனுமல்ல, முதலாம் எண்ணுமல்ல. ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒரு பெண்மணி, வயது அறுபத்தைந்துக்கு மேல். துணிப்பையில் மூன்றே தட்டுகள். அதில் ஒன்றின் அடியில் வேறு யாருடைய பேரோ போன் நம்பரோடு எழுதியிருக்கும். (கூப்பிட்டுச் சொன்னாராம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள்.) "பேரனுக்கு அந்தப் பல்லி பிடித்திருக்கிறதாம், ஒரு ஆட்டம் போடுவோமா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். டிராகனைப் பல்லி என்றதில் ரோஷம் வந்து, நம்மவர் தோள்பட்டையை மறந்து சரி என்றுவிட்டார். அந்தம்மாவிடம் தோற்க வாய்ப்பில்லை என்று கணக்குப் போட்டதும் உண்டு.

அந்தம்மாவின் எறி தூரம் போகாது. ஆனால் பாதையை விட்டும் போகாது. முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய கை. வழியில் ஒரு மரத்தைத் தொடவில்லை. நம்மவர் அவரைவிட இருபது மீட்டர் முன்னால் எறிவார், பிறகு அந்த இருபது மீட்டரையும் புதரிலிருந்து பக்கவாட்டில் திரும்பி வரச் செலவழிப்பார். பதினேழு ஹோல் முடிந்தபோது சமம். பதினெட்டில் அந்தம்மா இரண்டாவது எறிதலில் கூடையின் காலடிக்கு வந்து, மூன்றாவதைக் குனிந்து போட்டுவிட்டு, துணிப்பையிலிருந்து ஆப்பிள் எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார்.

நம்மவருக்கு ஐந்து மீட்டர் மிச்சம். போட்டால் சமம், டிராகன் தங்கும். சிட்டிகை புல்லைக் கிள்ளி மேலே விட்டுக் காற்றுப் பார்த்தார். அது நேராகக் காலில் விழுந்தது. இன்னொரு சிட்டிகை. துண்டால் தட்டைத் துடைத்தார், கையைத் துடைத்தார், தட்டை மறுபடி துடைத்தார். கூட்டத்தில் முதலாம் எண்காரர் உரக்க "இருபத்து மூன்று, இருபத்து நாலு" என்று எண்ணத் தொடங்கினார். எறிந்தார். தட்டு சங்கிலியின் நட்டநடுவில் 'ஜல்' என்று விழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றி யோசித்தது, மறுபக்கச் சங்கிலிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்து புல்லில் படுத்துக்கொண்டது. கூடை துப்பிவிட்டது என்பார்கள் அங்கே.

அடுத்த பத்து நிமிஷம் கூடைக்கு நடந்த அர்ச்சனையை எழுத இடமில்லை. சங்கிலி தேய்ந்துவிட்டது, கம்பம் சாய்ந்திருக்கிறது, பூங்கா நிர்வாகம் தூங்குகிறது. அந்தம்மா ஆப்பிளை முடித்துவிட்டுக் கையை நீட்டினார். தோற்றவரே தம் கையால் கழற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். கழற்றப் போனால் வளையம் வரவில்லை. யாரும் திருடிவிடக் கூடாதென்று இரும்புக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவைத்திருந்தார். நகத்தால் நெம்பினார், கார்ச் சாவியால் நெம்பினார், பல்லைக்கூட உபயோகித்தார். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் தம் காருக்குப் போய், கருவிப் பெட்டியிலிருந்து குறடு எடுத்து வந்து, இரண்டே திருகலில் டிராகனை விடுதலை செய்தார். கைதட்டினார்கள். நம்மவரும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.

அதற்கு அடுத்த வாரம் அவரைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்தார். முதல் எறிதலே மரத்தில். அவர்தான் முதலில் சிரித்தார். குளத்தில் இறங்கி முதலாம் எண்காரரின் தட்டை எடுத்துக் கொடுத்தார். தோள்பட்டை பற்றி விசாரித்ததற்கு, எந்தத் தோள் என்று திருப்பிக் கேட்டார். மகளின் கச்சேரிக்கு இனி மனைவி போவாராம்.

பேருந்து அம்மாவின் துணிப்பையில் பல்லி தொங்கியது, பேரன் நைலான் கயிற்றில் கட்டிவிட்டது. சத்தமே இல்லை. ஆஹா, டிராகனுக்கு இப்போதுதான் சரியான கை கிடைத்தது என்று நான்கூட நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக வந்தார். மூன்றாவது வாரம் முழங்கால் வலி என்று சேதி வந்தது. நான்காவது வாரம் பேரனுக்கு நீச்சல் வகுப்பாம். ஆட்டம் முடிந்து எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றபோது காரில் வந்து இறங்கினார்; துணிப்பைக்குப் பதில் புத்தம்புதிய முதுகுப்பை, பக்கத்தில் எஃகு பாட்டில், கிணிங்.

லீக் நடத்தும் கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் டிராகனை மேஜையில் வைத்துவிட வேண்டும் என்று விதியை இந்த வாரமே எழுதி, பூங்கா அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். டாக்டர் சர்ட்டிஃபிகேட் செல்லாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மேஜையில் ஒரு குறடும் இருக்கட்டும்.